ஒரே அறை, இரண்டு வரிசை: 2020 குவைத் பொதுமன்னிப்பில் இரண்டு பெண்கள்

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை குவைத்தில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் வரும் இரண்டு பெண்களையும் இளையவர், மூத்தவர் என்றே குறிப்பிடுகிறேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊர், குடும்ப விவரங்களை விட்டுவிட்டேன். நான் அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எட்டுத் தமிழர்கள் சேர்ந்து ஊர்க்காரர்களுக்கு உதவும் ஒரு சின்னக் குழு வைத்திருந்தோம். எட்டுப் பேரும் ஆண்கள். இந்த விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்த பலதுக்கும் காரணம் அதுதான்.

பின்னணி

குவைத்தில் பத்துப் பேர் இருந்தால் அதில் ஏறக்குறைய ஏழு பேர் வெளிநாட்டவர். நாட்டு வாரியாக எண்ணினால் இந்தியர்கள்தான் முதலிடம், அப்போது பத்து லட்சம் அளவுக்கு. அடுத்து எகிப்தியர். ஆண் பெண் என்று பிரித்தால் படம் வேறு மாதிரி ஆகிவிடும். பங்களாதேஷிலிருந்து வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. பிலிப்பைன்ஸ், இலங்கை இரண்டிலும் பெண்கள்தான் அதிகம். இந்தியர்களில் ஆண்கள் மிக அதிகம். வீட்டு வேலை விசாவில் வந்த இந்தியர்களைத் தனியாக எடுத்தாலும், டிரைவர், சமையல்காரர் என்று ஆண்களே கூடுதல்.

இதற்கு விசாவும் ஒரு காரணம். கம்பெனி வேலைக்கு வருகிறவர்கள் 18-ஆம் நம்பர் விசா. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் 20-ஆம் நம்பர். 18-இல் இருப்பவர்களுக்கு லேபர் கேம்ப் உண்டு, கூட வேலை செய்யும் நாலு பேர் உண்டு, வெள்ளிக்கிழமை லீவு உண்டு. 20-இல் இருக்கும் பெண்ணுக்கு ஒரு வீடு, அந்த வீட்டுக் கதவு, அவ்வளவுதான். அவர் எங்கே இருக்கிறார் என்று சொந்த ஊர்க்காரருக்கே தெரியாது.

வீட்டு வேலையாட்களுக்கென்று 2015-இல் 68-ஆம் எண் சட்டம் வந்தது. நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று 2016-இல் நிர்ணயித்தார்கள். வளைகுடாவில் அந்த நேரத்துக்கு இது நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டுக்குள் போய் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

2020 மார்ச் கடைசியில் அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது. இகாமா என்ற குடியிருப்பு அனுமதி இல்லாதவர்கள் ஏப்ரல் மாதத்துக்குள் வந்து பதிந்தால் அபராதம் கிடையாது, டிக்கெட் அரசு செலவு, பிறகு புது விசாவில் திரும்பி வரவும் தடை இல்லை. அப்போதைய விதிப்படி சாதாரண நாளில் அபராதம் நாளொன்றுக்கு 2 தினார், அதிகபட்சம் 600 தினார் வரை ஏறும். நாட்டு வாரியாகத் தேதி கொடுத்தார்கள். 1 முதல் 5 வரை பிலிப்பைன்ஸ், 6 முதல் 10 வரை எகிப்து, 11 முதல் 15 வரை பங்களாதேஷ், 16 முதல் 20 வரை இந்தியா, 21 முதல் 25 வரை இலங்கை, மிச்ச நாடுகளுக்குக் கடைசி ஐந்து நாள். குவைத்தின் பர்வானியா பகுதியில் ஆண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். ஆக, ஒரு மனிதர் எந்த நாளில் எந்த வாசலில் நிற்பார் என்பதை அவருடைய நாடும் ஆணா பெண்ணா என்பதும் தீர்மானித்தன.

அந்த அறை

இளையவருக்கு அப்போது 34 வயது, தமிழ்நாடு. 2017-இல் ஒரு சப்-ஏஜென்ட் மூலம் விசிட் விசாவில் துபாய் போய், அங்கிருந்து குவைத்துக்கு வந்தவர். வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் (ECR) வைத்திருக்கும் பெண்கள் குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2016-இலிருந்து, தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் இந்தியாவின் விதி. இவருக்கு வயது இருந்தது. ஆனாலும் ஏஜென்ட் துபாய் வழியாகவே சுற்றிக் கூட்டிவந்தார், அதுதான் அவருக்குச் சுலபம். விளைவு என்னவென்றால், குவைத்தின் கணக்கில் இவர் ‘இந்தியர், பெண்’ என்று இருந்தார். வேலைக்குப் போனவர்களைப் பற்றிய இந்தியாவின் பதிவில் இவர் பெயரே கிடையாது. ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, தூதரகத்திடம் ஒரு காகிதமும் இல்லை.

வேலை செய்த வீட்டில் முதல் வருடம் சம்பளம் ஒழுங்காக வந்ததாம். பிறகு ‘அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்’ என்று ஏழு மாதம் போய்விட்டது. மாதம் 70 தினார் கணக்கில் 490 தினார். நம் பணத்தில் அன்றைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவுக்கு வரும். 2019-இல் ஒரு நாள் குப்பை போடக் கீழே வந்தவர் அப்படியே நடந்து வெளியேறிவிட்டார். பாஸ்போர்ட் அந்த வீட்டு அலமாரியில். இவர் ஓடிப்போனதாக வீட்டுக்காரர்கள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மூத்தவர் இலங்கையின் கிழக்கு மாகாணத்துத் தமிழர், 48 வயது. முறைப்படி பதிந்து வந்தவர். பத்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வேலை பார்த்தார். கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, இறந்த பிறகு பிள்ளைகள் இகாமாவைப் புதுப்பிக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இப்படிச் சத்தமே இல்லாமல் சட்டவிரோதம் ஆகிறவர்கள் நிறைய.

இருவரும் பர்வானியாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இன்னும் நாலு பெண்களோடு ஒரே அறையில் இருந்தார்கள். அந்த ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் ஒரு இந்தியர். அவரே வீடுகளுக்குப் பார்ட்-டைம் வேலைக்கு அனுப்புவார், மணிக் கணக்குக் கூலியில் தன் பங்கை எடுத்துக்கொள்வார். அவர்கள் போனுக்குச் சிம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அவருடைய சிவில் ஐடி என்ற குவைத் அடையாள அட்டையில். கொரோனா வந்ததும் வேலை நின்றது. ஆனாலும் பெட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் செய்த தவறு

பொதுமன்னிப்பு அறிவித்ததும் எங்கள் குழு பட்டியல் எடுக்க ஆரம்பித்தது. பெயர், சிவில் ஐடி நம்பர், பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா, போன் நம்பர். நான்தான் எக்செல்லில் ஏற்றினேன். முதல் வாரம் அறுபது சொச்சம் பெயர். அதில் பெண்கள் நாலே நாலு. ‘பெண்கள் அவ்வளவாக இல்லை போல’ என்று குழுவில் ஒருவர் எழுதினார். நானும் சரி என்று போட்டேன்.

இப்போது நினைத்தால் மனசு உறுத்துகிறது. நாங்கள் தகவல் பரப்பிய இடங்கள் எல்லாம் ஆண்கள் கூடும் இடங்கள். கேம்ப், மெஸ், டாக்சி டிரைவர்களின் வாட்ஸ்அப் குழு, முடிவெட்டும் கடை. இந்த அறையைப் பற்றி ஒரு பகாலாக்காரர் (மளிகைக் கடைக்காரர்) சொல்லி எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், ஃபிளாட் எடுத்திருந்த அந்த ஆளின் நம்பரைத்தான் பட்டியலில் எழுதினோம். ‘நான் சொல்லிடறேன் பாய், கவலைப்படாதீங்க’ என்றார். அவர் சொல்லவில்லை. ஆறு பேரும் ஊருக்குப் போய்விட்டால் அவருக்கு வரும்படி போய்விடும். போய்ப் பதிந்தால் நேரே ஜெயிலில் போடுவார்கள் என்று பெண்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

அவர்களை நாங்கள் தேடிப் பிடிக்கவில்லை. மூத்தவர்தான் எங்களைக் கண்டுபிடித்தார். ஏப்ரல் 12 வாக்கில் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ‘தம்பி, இந்தப் பொதுமன்னிப்பு உண்மையோ? இந்தாள் பொய் எண்டு சொல்றான். எனக்கு இனி ஏலாது. வீட்ட போய்ச் சேர்ந்தாக் காணும்.’ தெரிந்த ஒரு இலங்கை நர்ஸிடம் நம்பர் வாங்கியிருக்கிறார்.

மறுநாள் பகலில் நானும் நண்பர் ஒருவரும் போனோம். மாலை 5 மணிக்கு ஊரடங்கு, அதற்குள் திரும்பியாக வேண்டும். கதவுக்கு வெளியே நின்றுதான் பேசினோம். இளையவர் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தக் கை இன்னும் கண்ணில் இருக்கிறது. ப்ளீச் பட்டுப் பட்டு விரல் நுனியில் தோல் உரிந்து வழவழவென்று இருந்தது. சம்பளம் வராத மாதங்களை எழுதிய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு, ஒவ்வொரு பக்கமும் ஒரு மாதம். ஏழு பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது, தொகை எழுதும் இடம் காலி.

ஊரா, சம்பளமா

மூத்தவருக்கு யோசனையே இல்லை, போவது என்று முடிவெடுத்துவிட்டார். இளையவருக்குத்தான் கஷ்டம். ‘அண்ணே, ஏழு மாசச் சம்பளம் அந்த வீட்ல கெடக்கு. வட்டிக்கு வாங்கிட்டு வந்தேன். அத விட்டுட்டு எப்படிண்ணே போறது?’

இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சட்டப்படி அவர் கேட்பது நியாயம். சம்பளம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் பத்து தினார் சேர்த்துத் தர வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அலுவலகங்கள் மார்ச் நடுவிலிருந்தே மூடிக் கிடந்தன. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஓடிப்போன புகார் இவர் பேரில் இருந்தது. வெளியே இருந்தால் அபராதம் ஏறும், பிடிபட்டால் நாடு கடத்தல், அப்புறம் திரும்பி வரவே முடியாது. சாப்பாட்டுக்கும் வழி இல்லை, நாங்கள் கொடுத்த அரிசி பருப்புதான்.

இன்னொரு பயமும் இருந்தது. வீட்டை விட்டு வந்த பெண்கள் மேல் சில முதலாளிகள் திருட்டுப் புகாரும் கொடுத்துவிடுவது உண்டு. அப்படி ஒரு வழக்கு இருந்தால் பொதுமன்னிப்பு பலிக்காது. அரபி நன்றாகத் தெரிந்த ஒரு நண்பர் அந்த வீட்டுக்கே போன் போட்டார். வீட்டுக்காரம்மா சம்பளம் பற்றிப் பேச மறுத்தார். ஆனால் திருட்டுப் புகார் எதுவும் இல்லை என்று சொன்னார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் போகச் சொன்னோம்.

போகச் சொன்னது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சம்பளத்தை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னேன். எப்படிப் பார்ப்பது என்று யோசித்துச் சொல்லவில்லை. ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளத்தானே செய்வார்.

ஏப்ரல் 18, ஏப்ரல் 22

இருவரும் சேர்ந்து போகவே விரும்பினார்கள். மூன்று மாதமாக ஒரே பாயில் படுத்தவர்கள். இளையவருக்குக் காய்ச்சல் வந்தபோது மூத்தவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பேசுகிற மொழி ஒன்று, சமைத்த சட்டி ஒன்று. ஆனால் பாஸ்போர்ட் வேறு என்பதால் தேதி வேறு. ‘அக்காவோட வர்ற மாதிரி ஏதாவது பண்ண முடியாதாண்ணே?’ என்று இளையவர் கேட்டார். முடியவில்லை.

18-ஆம் தேதி சனிக்கிழமை காலை இளையவர் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனார். ஆண்கள் பள்ளிக்கூடத்தில் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. குறைவாக இருந்ததற்கு, வர வேண்டிய பெண்கள் குறைவு என்று அர்த்தம் கிடையாது. இந்த அறைக்கு நடந்ததுதான் வேறு அறைகளிலும் நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பாஸ்போர்ட் இல்லாததால் கைரேகை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஊர் திரும்பத் தூதரகம் தரும் அவுட்பாஸுக்கு விண்ணப்பம் முன்பே கொடுத்திருந்தோம். அன்றே பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மூத்தவர் 22-ஆம் தேதி போனார். மற்ற நாலு பெண்களில் இருவர் போனார்கள், இருவர் அந்த ஆளின் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டார்கள். அந்த இருவர் பிறகு என்ன ஆனார்கள் என்பதைக் கடைசிவரை எங்களால் விசாரிக்க முடியவில்லை.

முகாம்

யாரும் நினைக்காத இடத்தில் சிக்கல் வந்தது. பொதுமன்னிப்பில் பதிந்தவர்களை உடனே அனுப்பிவிடலாம் என்று குவைத் தயாராக இருந்தது. இந்தியா மார்ச் கடைசியிலேயே விமானங்களை நிறுத்தியிருந்தது. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் மே 7-ஆம் தேதிதான் தொடங்கின, அதுவும் டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கு. முகாமில் இருந்தவர்களுக்கு வழி திறக்க இன்னும் நாள் ஆனது.

இளையவர் இருந்தது ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். சாப்பாடு வந்தது, ஏசி ஓடியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எப்போது விமானம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் எனக்குப் படம் அனுப்பினார். கரும்பலகையின் மேல் பாதியில் அரபி எழுத்துகள், கீழே சாக்பீஸில் கோடு கோடாக நாள் கணக்கு. நான் எண்ணிப் பார்த்தேன், 26 கோடு.

மே 19-ஆம் தேதி இலங்கைக்குச் சிறப்பு விமானம் போனது, அதில் மூத்தவர் போய்விட்டார். நாலு நாள் பின்னால் பதிந்தவர் முன்னால் போனார். அன்று இரவு இளையவர் அனுப்பிய மெசேஜில் அழுகை மட்டும்தான் இருந்தது.

குவைத்திலிருந்து அந்த நாட்களில் இலங்கை போனவர்களில் நிறையப் பேருக்குத் தொற்று இருந்தது தெரியவந்தது. திருகோணமலைத் தனிமைப்படுத்தல் முகாமில் இருந்த 51 வயதுப் பெண் ஒருவர், குவைத்திலிருந்து திரும்பியவர், மே 25-இல் இறந்தார். இலங்கையின் பத்தாவது கொரோனா மரணம் அது. வயதும் குவைத்தும் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. நம்மவர் இல்லை. மூத்தவருக்கும் தொற்று இருந்தது, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இளையவர் ஜூன் மாதம் சென்னை வந்தார். ஒரு கல்லூரி விடுதியில் தனிமைப்படுத்தல் முடிந்து ஊர் போனார்.

சம்பளம் என்ன ஆயிற்று

வரவில்லை. ஒரு தினார்கூட வரவில்லை. அலுவலகங்கள் திறந்த பிறகு வீட்டு வேலையாட்களுக்கான பிரிவில் விசாரித்தோம். தொழிலாளி நேரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் எழுதிக் கொடுத்த முறையான வக்காலத்து வேண்டும். எங்களிடம் இருந்தது நாற்பது பக்க நோட்டின் போட்டோ. மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்து ஒவ்வொரு மாதமும் எழுதிய நோட்டு அது. அங்கே அதற்கு மதிப்பு இல்லை.

வட்டிக் கடனை அடைக்க இளையவர் இருந்த கொஞ்சம் நகையை விற்றார். கோபப்பட்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

2024 மார்ச் 17 முதல் குவைத் மறுபடி பொதுமன்னிப்பு கொடுத்தது. ஜூன் 17 வரை என்றார்கள், பிறகு ஜூன் 30 வரை நீட்டினார்கள். இந்தத் தடவை அபராதம் கட்டி இகாமாவைச் சரிசெய்துகொள்ளவும் வழி இருந்தது.

பட்டியல் எடுக்கும்போதே பெண்கள் பகுதியை இரண்டு பெண்களிடம் கொடுத்தோம். ஒருவர் நர்ஸ், இன்னொருவர் பல வருடம் வீட்டு வேலை பார்த்தவர். அவர்கள் சர்ச் வாசலிலும் பகாலாவிலும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் இடத்திலும் பேசினார்கள். வேறு ஆளின் நம்பரை எழுதுவதே இல்லை. சொந்த நம்பர் இல்லை என்றால் எந்த நாள் எந்த நேரம் எங்கே பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள். இந்தியா, இலங்கை என்று பட்டியலைப் பிரிக்காமல் அறை வாரியாக எழுதினோம். யார் யாரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான், ஒருவர் கிளம்பியதும் தனியாகிவிடும் இன்னொருவரை யோசிக்க முடிகிறது.

சம்பளப் பாக்கி இருக்கிறதா என்ற கேள்வி இப்போது மூன்றாவது வரியிலேயே வருகிறது. இருந்தால், முகாமுக்கோ ஏர்போர்ட்டுக்கோ போவதற்கு முன்பே புகாரைப் பதிந்துவிடுகிறோம், வக்காலத்தும் எழுதி வாங்கிவிடுகிறோம். இது பலித்தது என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். அந்த வருடம் பாக்கி இருந்த பெண்களில் மூன்று பேருக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. மற்றவர்களின் காகிதங்கள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன.

இந்த மாற்றங்களில் பாதிக்கு மேல் இளையவர் சொன்னவை. போன் செய்து கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். ஆனால் கடைசியில் அவர் கேட்டது வேறு. ‘அந்த வீட்ல இப்ப யார் வேலை பாக்குறாங்கண்ணே? அவங்களுக்காவது சம்பளம் குடுக்குறாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.’